எண்ணி ஒப்புவித்தல்



ஜனவரி 6, பிரசன்னத் திருநாள் முடிந்தவுடன் நம் ஆலயத்துக் குடிலைப் பிரிக்க வேண்டும். வைக்கோலை ஒதுக்கி, விளக்குச் சரங்களைச் சுருட்டி, பொம்மைகளைப் பழைய செய்தித்தாளில் பொதிந்து பெட்டியில் அடுக்கும் வேலை வழக்கமாக அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இவ்வாண்டு அதைச் சற்று நீட்டும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளப் போகிறேன். பெட்டிக்குள் போகும் ஒவ்வோர் உருவத்தையும் பெயர் சொல்லி எண்ணி, ஒரு குறிப்பேட்டில் எழுதிய பின்பே அடுக்க வேண்டும். ஆலயத்தில் மட்டுமன்று, குடில் வைக்கும் உங்கள் வீடுகளிலும் அப்படியே செய்யுங்கள். "பொம்மைக்குமா ஐயா கணக்கு?" என்று கேட்கப் போகிறவர்களை மனத்தில் வைத்தே இந்த வாரம் எழுதுகிறேன்.

பொம்மைக் கணக்கு என்றால் என்ன என்பதை நன்கு அறிந்தவர்கள் நமக்கு வடக்கே, காவிரிப் பாலத்தைத் தாண்டி இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்து வீடுகளில் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வழக்கத்தை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். அங்கே அயலாரையும் உடன் வேலை செய்வோரையும் உடைய நம் சபையார் பலர் அந்த ஒன்பது நாளில் சுண்டலும் வாங்கி உண்டிருக்கிறீர்கள். கொலுவைப் பற்றிப் போதகர் எழுதுவானேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த வழிபாட்டைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்ல வரவில்லை. ஒரு வீட்டில் நூறு, இருநூறு சிறிய உருவங்களை மூன்று தலைமுறைக்குக் காப்பாற்றி வைத்திருக்கும் பொறுமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கொலுப்படிகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் அமையும். ஆண்டுக்கு ஒரு புதிய பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது பல குடும்பங்களின் வழக்கம். ஆகவே அத்தொகுப்பு வளர்ந்துகொண்டே போகும். பாட்டி கொண்டுவந்த மரப்பாச்சி இணை, பண்ருட்டிக் காகிதக்கூழ் பொம்மைகள், தஞ்சாவூர்த் தலையாட்டி, பலசரக்குக் கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியார், தசாவதாரத்தின் பத்து உருவங்கள், சிங்காரத்தோப்புப் பூம்புகார் விற்பனை நிலையத்தில் சென்ற ஆண்டு வாங்கியது என்று காலமும் ஊரும் கலந்து படிகளில் நிற்கும். விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். பின்பு எல்லாம் பழைய வேட்டித் துண்டுகளில் பொதியப்பட்டு, அந்துருண்டை இடப்பட்டு, பரணுக்கு ஏறும். அடுத்த புரட்டாசி வரையில் எது எந்தப் பெட்டியில் என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். பெரும்பாலும் அது அந்த வீட்டுத் தாயார். சிலர் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவைப்பதைக் கண்டிருக்கிறேன். பலர் எழுதுவதில்லை; பதிவேடு தாயாரின் தலைக்குள் இருக்கிறது.

அந்தத் தாயார் கண்மூடிய பிறகு என்ன ஆகிறது? பிள்ளைகள் வெளியூரிலிருந்து வருகிறார்கள், வீட்டை விற்கப் பேசுகிறார்கள், பரணிலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன. எந்தப் பொம்மை பாட்டியுடையது, எது கடைசியாகத் தெருமுனையில் வாங்கியது என்று சொல்ல ஆள் இல்லை. மரப்பாச்சி பழைய மரக்கட்டையாகத் தெரிகிறது. வேண்டும் என்பவர் பேத்தியாக இருந்தால் பெட்டி பிழைக்கும், இல்லாவிட்டால் பழைய சாமான்காரரிடம் போகும். இதில் தீய எண்ணம் எவருக்கும் இல்லை. சொல்லப்படாத பொருளுக்கு யாரும் அழ முடியாது, அவ்வளவுதான்.

நம் குடிலின் நிலையும் இதுவே. ஒரு செய்தி உங்களுக்கு வியப்பளிக்கலாம். மதுரையை அடுத்த விளாச்சேரியில், புரட்டாசிக்குக் கொலுப்பொம்மை வனையும் மண்பாண்டக் கைவினைஞர் குடும்பங்களே டிசம்பருக்குக் குடில் பொம்மைகளையும் வனைகின்றன. அதே மண், அதே சூளை. நம் வீட்டு மேய்ப்பனும் அயல்வீட்டுச் செட்டியாரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்க இடமுண்டு. நீங்கள் வாங்கிய பெட்டியில் அந்த ஊர்ப்பெயர் இருக்காது. கடைக்காரரைக் கேட்டு எழுதி வைத்தால்தான் உண்டு.

இனி, எண்ணுவதைப் பற்றிய தயக்கத்துக்கு வருவோம். வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தயக்கம் நியாயமாகவே எழும். தாவீது ஜனங்களைத் தொகையிட்டது பாவமாக எண்ணப்பட்டது. யோவாப் 9 மாதமும் 20 நாளும் நாடெங்கும் சுற்றி அந்தக் கணக்கைக் கொண்டுவந்தான். கொண்டுவந்த பின் ராஜாவின் இருதயமே அவனை வாதித்தது என்று 2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். லூக்கா 12இல் வரும் ஐசுவரியவானும் தன் தானியத்தை எண்ணிப் பார்த்தவன்தான். எனவே எண்ணுகிறவன் பற்றுள்ளவன், விசுவாசி எண்ணாமல் விட்டுவிட வேண்டும் என்ற ஒரு பக்தி நம்மிடையே உலவுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேதம் எண்ணுவதைக் கடிந்துகொள்ளும் இடங்களை விட, எண்ணும்படி கட்டளையிடும் இடங்கள் மிகுதி.

எஸ்றாவின் புஸ்தகத்தைத் திறந்து பாருங்கள். நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்திலிருந்து கொண்டுபோன பணிமுட்டுகளைப் பெர்சியாவின் ராஜாவாகிய கோரேஸ் திருப்பிக் கொடுக்கிறான். பொக்கிஷக்காரனாகிய மித்திரேதாத் அவற்றைச் சேஸ்பாத்சாரிடம் எண்ணிக் கொடுக்கிறான். பொன் தட்டுகள் 30, வெள்ளித் தட்டுகள் 1,000, கத்திகள் 29, பொற்கிண்ணங்கள் 30, வெள்ளிக் கிண்ணங்கள் 410, மற்றப் பணிமுட்டுகள் 1,000. மொத்தம் 5,400 என்று முடிகிறது. பென்சிலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்: 2,499தான் வரும். வேத பண்டிதர்கள் இதற்குப் பல விளக்கங்கள் கூறுகிறார்கள். முக்கியமானவை மட்டும் பெயர் சொல்லப்பட்டன என்பர் சிலர். படியெடுத்தவர் கையில் எண்கள் பிசகின என்பர் சிலர். இறையியல் கல்லூரியில் இதைப் படித்தபோது என்னைக் கவர்ந்தது வேறொன்று. கூட்டிப் பார்த்தால் ஒத்துவராத ஒரு பட்டியலைப் பின்வந்த தலைமுறைகள் திருத்தி மறைக்காமல் அப்படியே படியெடுத்துக் காத்தன. குறையுள்ள பட்டியலும் காக்கத் தக்கது என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

எட்டாம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது. எஸ்றா நெடும்பயணம் புறப்படுகிறார். வழியில் பகைவர் உண்டு. ராஜாவிடம் சேவகரையும் குதிரைவீரரையும் கேட்க அவருக்கு வெட்கம். ஆனால் புறப்படுமுன் ஆசாரியர்களில் 12 பேரைப் பிரித்தெடுத்து, வெள்ளி 650 தாலந்து, பொன் 100 தாலந்து, பொற்கிண்ணங்கள் 20 என்று அவர்கள் கையில் நிறுத்துக் கொடுக்கிறார். எருசலேம் சேர்ந்து மூன்று நாள் இளைப்பாறி, நான்காம் நாளில் அவை மறுபடியும் நிறுக்கப்பட்டு ஊரியாவின் குமாரனாகிய மெரெமோத்திடம் ஒப்புவிக்கப்படுகின்றன. எடை எழுதப்படுகிறது. காவல் வீரர் இல்லாமல் போகத் துணிந்தவர் பட்டியல் இல்லாமல் போகத் துணியவில்லை.

ஏன்? அந்தப் பன்னிரண்டு பேரை நம்பாததாலா? நான் அப்படி வாசிக்கவில்லை. நாளை எருசலேமில் யாராவது ஒருவர், "இவ்வளவுதானா? புறப்பட்டபோது இன்னும் அதிகம் இருந்ததாமே" என்று சொல்லும்போது, சுமந்து வந்தவர்கள் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்பதற்காக.

இதை நான் ஏட்டளவில் மட்டும் அறிந்தவனல்லன். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு சபையில், ஒரு டிசம்பரில் குடில் பெட்டியைத் திறந்தபோது மூன்று சாஸ்திரிகளில் ஒருவரைக் காணவில்லை. பொன் பேழையை ஏந்தியவர். ஏறத்தாழ ஓரடி உயரம், பழைய வேலைப்பாடு. பெட்டி இருந்த அறையின் சாவி கோயில்பிள்ளையிடம் இருந்தது. ஒருவரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து, "நல்லாத் தேடிப் பாருங்க" என்று அவரிடம் சொன்னார்கள். "சாவி அவர்கிட்டதானே இருக்கு" என்று இன்னொருவர், அவர் காதில் விழும்படியே சொன்னார். சென்ற ஆண்டு பெட்டியில் வைக்கும்போது அந்த உருவம் இருந்ததா இல்லையா என்று சொல்ல ஓர் எழுத்துகூட இல்லை. அந்தக் கிறிஸ்துமஸ் அன்பின் விருந்தில் அவர் எல்லோருக்கும் பரிமாறினார். தாம் உட்கார்ந்து உண்ணவில்லை.

சில மாதங்கள் கழித்து ஞாயிறுபள்ளி ஆசிரியை ஒருவர் பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் குடிலின் முன் வரிசையாக நிற்கும் படம். பின்புறம் தேதி எழுதியிருந்தது. பிள்ளைகளின் தோள்களுக்கு இடையே இரண்டு சாஸ்திரிகள்தான் தெரிந்தனர். மூன்றாமவர் நிற்கும் இடத்தில் வெறும் வைக்கோல். அந்தத் தேதிக்கு அடுத்த ஆண்டில்தான் அந்தக் கோயில்பிள்ளை பணிக்கு வந்தார். நான் படத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை அந்தச் சாவி மாட்டுற ஆணியிலயே மாட்டி வைங்க ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எழுத்தில் இல்லாத பொருள் காணாமற்போகும்போது சந்தேகம் எப்போதும் கீழ்நோக்கியே பாயும். சாவி வைத்திருப்பவர், துடைப்பம் பிடிப்பவர், வீட்டுவேலைக்கு வருபவர், இவர்கள் மேல்தான் அது விழும். நாற்காலிக் குழுவினர் மேல் அது விழுந்ததை நான் கண்டதில்லை. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் நற்பெயரை நீங்கள் எழுதும் ஒரு பட்டியல் காக்கும் என்றால், அதை எழுத அரை நாள் செலவிடுவது வீண் என்பீர்களா?

பெரிய காரியங்களிலும் இதுவே உண்மை. பொம்மையும் ஒரு சமயத்தார் வணங்கும் திருவுருவமும் ஒன்றல்ல என்பதை அறிந்தே இந்த எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். முன்பு நம் திருச்சி மாவட்டத்தில் இருந்து இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீபுரந்தானின் கோயிலிலிருந்து சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி களவு போனது. 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. போலி ஆவணங்கள் அதனுடன் இருந்தன. அது ஸ்ரீபுரந்தானுடையதுதான் என்று காட்ட உதவியவை, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகச் சென்று எடுத்து வைத்திருந்த பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். 2014 செப்டம்பரில் அத்திருமேனி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. என்றோ ஒருவர் பொறுமையாக எடுத்து, எண்ணிட்டு, ஊர்ப்பெயர் எழுதி வைத்த படம் அது.

ஸ்ரீரங்கத்தின் வரலாற்றிலும் இப்படி ஒரு கதை உண்டு. 14ஆம் நூற்றாண்டில் டில்லிப் படைக்குத் தப்பி ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லப்பட்ட உற்சவ மூர்த்தி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 1371இல் திரும்பி வந்தபோது, அங்கே வேறொரு மூர்த்தி இருந்தது. எது பழையது என்று சொல்லத்தக்கவர் எவரும் எஞ்சவில்லை. கண்பார்வை இழந்த ஒரு வயோதிக சலவைத் தொழிலாளி, திருமஞ்சனம் செய்த ஈர ஆடையைக் கொண்டு பழைய மூர்த்தியை அடையாளம் சொன்னார் என்று கோயிலொழுகு கூறுகிறது. ஊர் முழுவதும் மறந்ததை அழுக்குத்துணி துவைத்தவரின் கைகளும் நாசியும் நினைவில் வைத்திருந்தன என்பது என்னைப் பெரிதும் அசைக்கும் செய்தி. அவர் இன்னும் பத்து ஆண்டு முன்னதாக இறந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்றும் எண்ணிக்கொள்வேன்.

சரி, எப்படி எழுதுவது? நான் கடைப்பிடித்துவரும் முறையைச் சொல்கிறேன்.

முதலில், எதை ஒன்று என்று எண்ணுவது என்பதில் தெளிவு வேண்டும். தசாவதாரம் ஒரு பொம்மையா, பத்தா? முன்னணையோடு ஒட்டியிருக்கும் பாலகன் ஒன்று. தனியே எடுக்கக்கூடிய பாலகனும் முன்னணையும் இரண்டு. தனியே தொலையக் கூடியது தனி எண் பெறட்டும் என்பது என் விதி. எண்ணை உருவத்தின் அடிப்புறத்தில், வண்ணம் பூசாத இடத்தில், மென்மையான பென்சிலால் எழுதுங்கள். ஒட்டுத்தாள் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்கு அது இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது, உரியும்போது வண்ணத்தையும் உரித்துக்கொண்டு வரும்.

குறிப்பேட்டில் அதே எண்ணுக்கு எதிரே உருவத்தின் பெயர், உயரம், எதனால் ஆனது, எங்கே எப்போது வந்தது, யார் கொடுத்தது, இப்போது என்ன பழுது என்று எழுதுங்கள். பழுது மிக முக்கியம். இடக்கை விரல் உடைந்தது, வலப்பக்கம் வண்ணம் உதிர்ந்தது என்று எழுதியிருந்தால், அடுத்த ஆண்டு பெட்டியைத் திறக்கும் சிறுவன்மேல் பழி விழாது. விலை எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதுவதானால் கடைசிப் பத்தியில் எழுதுங்கள். முதற்பத்தியில் விலை எழுதிய பட்டியல் தாவீதின் பட்டியலாக மாறிவிடும் என்பது என் அச்சம்.

கைப்பேசியில் படம் எடுத்தால் போதாதா என்பார்கள் இளைஞர்கள். எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, முன்னும் பின்னும் அடிப்புறமும் எடுங்கள். ஆனால் பேசி மாறும்போது படங்கள் எங்கே போகின்றன என்று உங்களுக்கே தெரியும். பெட்டிக்குள் தாளும், பேசியில் படமும், இரண்டும் இருக்கட்டும்.

உடைந்துபோனதின் பெயரை அடித்துவிடாதீர்கள். அருங்காட்சியகங்களில் ஒரு பொருளுக்குக் கொடுத்த எண்ணை அது அழிந்த பின்பும் வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. அந்த எண்ணுக்கு எதிரே நடந்ததை எழுதி வைப்பார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். 1977 நவம்பர் வெள்ளத்தில் திருச்சி மூழ்கியபோது இழந்த வீட்டுப் பொருள்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் பேசுகிறீர்கள். அவற்றுள் எத்தனை இன்று உங்கள் பேச்சில் மட்டும் இருக்கின்றன!

சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். இரண்டே ஆண்டில், 1708இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். வெறும் தலைப்புகளோடு நிறுத்தாமல், இது என்ன நூல், இதில் என்ன இருக்கிறது என்று தாம் அறிந்ததையும் எழுதினார். அவற்றில் மிகுதியானவை அவருடைய சமயத்துக்குப் புறம்பான நூல்கள். மூன்று நூற்றாண்டுக்கு முன் அந்தக் கடற்கரையில் என்னென்ன தமிழ் நூல்கள் மக்கள் கையில் இருந்தன என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பட்டியலைத்தான் தேடிப் போகிறார்கள்.

இன்னுமொன்று சொல்லி நிறுத்துகிறேன். எண்ணாகமம் 4ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தைச் சுமக்கும் வேலை பங்கிடப்படுகிறது. பெட்டியும் மேசையும் குத்துவிளக்கும் கோகாத்தியருக்கு. மெராரி புத்திரருக்குக் கிடைப்பதோ பலகைகள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள். அந்த முளைகளையும் கயிறுகளையும் சொல்லும் இடத்தில்தான், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒப்புவிக்க வேண்டும் என்ற கட்டளை வருகிறது. பொற்பாத்திரத்தை யாரும் மறக்க மாட்டார்கள். கூடாரம் காற்றில் பறக்காமல் நிற்பது முளையால். வனாந்தரத்தில் ஒரு முளை தொலைந்தால் வாங்கக் கடை இல்லை. குடிலிலும் மரியாளும் யோசேப்பும் தொலைவதில்லை. ஆடுகள்தான் தொலைகின்றன. (மாடும் கழுதையும் சுவிசேஷத்தில் இல்லையே என்று ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் சுட்டிக்காட்டும் அன்பருக்கு: ஆம், இல்லை, ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. பட்டியலில் அவற்றுக்கும் எண் உண்டு.)

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபை மண்டபத்தில் பாய் விரித்து எல்லா உருவங்களையும் வைப்போம். வாலிபர் சங்கத்தார் அளவுகோலும் பென்சிலும் கொண்டு வாருங்கள். எந்த உருவத்தை யார் எந்த ஆண்டு கொடுத்தார் என்று நினைவுள்ள மூத்தவர்கள் கட்டாயம் இருந்து சொல்லுங்கள், நாற்காலிகள் போடப்படும். கோயில்பிள்ளை முதலில் கையொப்பமிடுவார், பின்பு நானும் செயலாளரும் இடுவோம். குறிப்பேட்டின் ஒரு படி பெட்டிக்குள்ளும், ஒரு படி அவரிடமும் இருக்கும். வீட்டில் காது உடைந்த கழுதையோ கொம்பில்லாத மாடோ ஆலயத்துக்குரியது கிடந்தால் வெட்கப்படாமல் கொண்டுவாருங்கள், அவற்றுக்காகப் பட்டியலின் கடைசியில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.